மூலையில் மூட்டம் போட்ட மானிட்டர்

கல்யாண ஆல்பத்தில் ரிசப்ஷன் பக்கம் என்றால் பின்னணி கறுப்பு. முகூர்த்தத்துக்கு அரக்கோ சந்தனமோ, ரிசப்ஷனுக்குக் கறுப்பு என்று எனக்கு வேலை தருகிற ஸ்டுடியோக்காரர்கள் எல்லாரும் பேசி வைத்ததுபோல் கேட்பார்கள். மானிட்டர் பற்றி எனக்குத் தெரிந்த பாதி அந்தக் கறுப்பு சொல்லிக் கொடுத்ததுதான்.

நான் மதுரை வில்லாபுரத்தில் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். வைகாசி, ஆவணி, தை மாதங்களில் மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் ஹார்ட் டிஸ்க் வந்து குவியும். பகலில் வீட்டு வேலை போக நேரம் கிடைக்காது. ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் போட்டோஷாப்பைத் திறப்பேன். கம்ப்யூட்டர் இருக்கும் அதே அறையில்தான் பிள்ளைகள் பாய் போட்டுப் படுத்திருப்பார்கள். அதனால் டியூப் லைட்டை அணைத்துவிட்டுத்தான் வேலை. இந்த இருட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

2021இல் 11,500 ரூபாய் கொடுத்து ஒரு 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் வாங்கினேன் (ஐபிஎஸ் என்பது பேனலில், அதாவது திரையில், ஒரு வகை). பகலில் மாட்டிப் பார்த்தபோது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. ராத்திரி கறுப்புப் பக்கத்தைத் திறந்தால் வலது கீழ்மூலையில் வெளுப்பாக ஒரு மூட்டம், அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டினதுபோல. போனில் படம் எடுத்தேன். படத்தில் இன்னும் மோசம், கால்வாசித் திரை எரிகிற மாதிரி இருந்தது. விடிந்ததும் கடைக்கு அனுப்பினேன்.

"அக்கா, அது ஐபிஎஸ் குளோ. எல்லா பீஸ்லயும் இருக்கும்" என்றான் கடைத் தம்பி.

தட்டிக்கழிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். நேரில் போய்ச் சண்டை போட்டு மாற்றி வாங்கினேன். இரண்டாவது பீஸிலும் அதே மூட்டம். போதாததற்கு வலது ஓரத்தில், கீழிருந்து நாலு விரல் உயரத்துக்கு, ஒரு மஞ்சள் கறை. மறுபடி போனபோது "ஒரு தடவைதான் மாத்தித் தர முடியும்" என்று கையை விரித்துவிட்டார்கள். குறை இல்லாத பீஸைக் கொடுத்துவிட்டுக் குறை இருக்கிற பீஸை வாங்கி வந்திருக்கிறேன் என்று புரிய எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆனது.

நீங்களாவது அப்படிச் செய்யாமல் இருக்க, முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

கடையில் கிடைக்கும் மானிட்டர்களில் மிகப் பெரும்பாலானவை எல்சிடிதான். பெட்டியில் எல்இடி என்று பெரிதாகப் போட்டிருப்பது பின்னால் எரியும் விளக்கின் பெயர். முன்பு அந்த இடத்தில் மெல்லிய டியூப் லைட் மாதிரி ஒன்று எரியும், இப்போது எல்இடி எரிகிறது, அவ்வளவுதான். திரையில் கறுப்பு காட்டும்போதும் அந்த விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். முன்னால் இருக்கும் திரவப் படிகமும், அதன் இரண்டு பக்கமும் ஒட்டிய போலரைசர் தாள்களும் (ஒரு திசையில் அதிரும் வெளிச்சத்தை மட்டும் விடுகிற தாள்கள்) சேர்ந்து வெளிச்சத்தை மறிக்கின்றன. வாசலில் தெருவிளக்கு எரிய, நாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுப்பதைப் போல. எவ்வளவு பொருத்தமான கதவானாலும் கொஞ்சம் கசியும்.

கறுப்பைப் போல் வெள்ளை எத்தனை மடங்கு வெளிச்சம் என்பதைத்தான் கான்ட்ராஸ்ட் என்ற எண் சொல்கிறது. சாதாரண ஐபிஎஸ் பேனலுக்கு அது சுமார் 1000:1. வெள்ளை 250 நிட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தந்தால் கறுப்பு 0.25 நிட் தரும். விஏ என்ற இன்னொரு வகைப் பேனலுக்கு 3000:1 அல்லது அதற்கு மேல். அதே வெள்ளைக்கு அங்கே கறுப்பு 0.08 நிட்தான். லைட் எரிகிற அறையில் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். இருட்டில் ஐபிஎஸ்ஸின் கறுப்பு சாம்பலாகத் தெரிந்துவிடும்.

மூலை மூட்டம், அதாவது கடைத் தம்பி சொன்ன குளோ, இதற்கு மேல் இன்னொரு சங்கதி. ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரண்டு போலரைசர் தாள்கள் நேராக வரும் வெளிச்சத்தை நன்றாக மறிக்கும். சாய்வாக, அதுவும் குறுக்குமூலையாக வரும் வெளிச்சத்துக்கு அந்தச் செங்குத்துக் கணக்கு கொஞ்சம் பிசகிவிடும், அந்தப் பிசகில் வெளிச்சம் நழுவி வரும். நாம் திரையின் நடுவை நேராகப் பார்க்கிறோம், நாலு மூலைகளைச் சாய்வாகப் பார்க்கிறோம். அதனால்தான் மூட்டம் எப்போதும் மூலையில் குடியிருக்கிறது. 24 அங்குலத் திரைக்கு அரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் மூலை சுமார் 31 டிகிரி சாய்வில் இருக்கும். முக்கால் மீட்டருக்கு நாற்காலியை இழுத்தால் அது 22 டிகிரியாகக் குறையும். 32 அங்குலத்தை அரை மீட்டரில் வைத்தால் 39. பெரிய திரையை வாங்கி மூக்குக்கு முன்னால் வைத்துக்கொள்கிறவர்களுக்கு மூட்டமும் பெரிதாகத் தெரிவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மஞ்சள் கறை வேறு ஜாதி. அதைப் பேக்லைட் பிளீட் என்கிறார்கள், நான் கசிவு என்றே சொல்கிறேன். சட்டம் பேனலை ஒரு இடத்தில் அதிகமாக அமுக்கினாலோ ஓரம் சரியாக உட்காராவிட்டாலோ அந்த இடத்தில் வெளிச்சம் வெளியே வந்துவிடும். இது அந்தத் தனிப் பீஸின் குறை. பக்கத்துப் பெட்டியில் இருக்கும் அதே மாடலில் இல்லாமலும் இருக்கலாம்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழிதான் தெரிந்திருக்க வேண்டும், தலையை ஆட்டுவது. கறுப்புப் படத்தைத் திரை முழுக்க விரித்துவிட்டு இடமும் வலமுமாக நகருங்கள், பின்னால் தள்ளிப் போங்கள். உங்களோடு சேர்ந்து நகர்ந்து, தூரம் போகப் போக மங்கினால் அது குளோ. நீங்கள் எங்கே போனாலும் ஒட்டிய கறையாக அதே இடத்தில் நின்றால் அது கசிவு. முன்னதற்காகக் கடையில் சண்டை போடுவது வீண். பின்னதற்கு, அது வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால், கட்டாயம் போடுங்கள்.

இனி பேனல்கள். டிஎன் பேனலைப் பற்றி அதிகம் பேச எனக்கு மனசில்லை. நான் வேலை கற்றுக்கொண்ட சிம்மக்கல் ஸ்டுடியோவில் இருந்தது அதுதான். நிமிர்ந்து உட்கார்ந்தால் மாப்பிள்ளை ஒரு நிறம், சாய்ந்து உட்கார்ந்தால் இன்னொரு நிறம், கீழே குனிந்து பென்டிரைவ் செருகும்போது நிமிர்ந்து பார்த்தால் நெகட்டிவ் மாதிரி இருப்பார். விலை குறைவு, வேகம் உண்டு. பில் போடும் கவுண்டருக்குப் போதும்.

ஐபிஎஸ் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் 1990களின் நடுவில் கொண்டுவந்தது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. பெண் வீட்டார் நாலு பேர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று "அந்தப் பட்டு இன்னும் கொஞ்சம் சிவப்பா இருந்துச்சே" என்று சொல்லும்போது, நாலு பேரும் ஒரே சிவப்பைத்தான் பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கை எனக்கு வேண்டும். அதற்காகவே மூலை மூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். எல்ஜி டிஸ்பிளே செய்த ஐபிஎஸ் பிளாக் என்ற வகை 2022இல் டெல் மானிட்டர்களில் வந்தது. அப்போது கான்ட்ராஸ்ட் 2000:1. கறுப்பு நன்றாகவே இறங்குகிறது, மூலை மூட்டம் அடியோடு போகாது.

விஏ பேனலை என் அண்ணன் மகனிடம் பார்த்தேன். இன்ஜினியரிங் படிக்கிற பையன், கேம் விளையாட 27 அங்குலத்தில் வளைந்த மானிட்டர் வாங்கியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவோடு போய் அவனை எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். என் கறுப்புப் பக்கம் அதில் நிஜமாகவே கறுப்பாக இருந்தது, சட்டத்துக்கும் திரைக்கும் எல்லை தெரியவில்லை. மயங்கிப் போய், அடுத்து இதுதான் என்று முடிவே செய்துவிட்டேன். அப்புறம் மணப்பெண்ணின் பின்பக்கம் எடுத்த படத்தைத் திறந்தேன். மல்லிகைச் சரம் பளிச்சென்று இருக்கிறது, அதற்குக் கீழே பின்னலைக் காணோம். முடியின் புரிபுரியான வளைவுகள் எல்லாம் ஒரே கறுப்புக் கட்டி. கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்தேன், பின்னல் திரும்பி வந்துவிட்டது. நேராகப் பார்க்கும்போது அடர்ந்த நிழல்களை விழுங்குவது விஏ பேனல்களில் பலவற்றுக்கு உள்ள பழக்கம். அரக்குப் பட்டின் மடிப்பும் அதில் போகும். கறுப்புப் பக்கத்தை வேகமாக உருட்டினால் கரித்துண்டால் இழுத்ததுபோல ஒரு தடமும் வந்தது. இருட்டான இடங்களில் அதன் படிகங்கள் மெதுவாகத் திரும்புவதால் வருவது அது. "கேம்ல ராத்திரி சீன் வந்தா அப்படித்தான் அத்தை" என்றான் அவனும்.

ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு சினிமா பார்ப்பதுதான் முக்கிய வேலை என்றால் விஏ வாங்குங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஓஎல்இடி என்பதில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். மூட்டமும் இல்லை, கசிவும் இல்லை. பிறகென்ன, அதையே வாங்க வேண்டியதுதானே என்றால், விலை ஒரு பக்கம். போட்டோஷாப்பின் பட்டைகள் எட்டு மணி நேரம் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும், வருஷக்கணக்கில் அப்படி நின்றால் அந்த இடத்தில் தழும்பு விழ வாய்ப்பு உண்டு. ஓஎல்இடியிலேயே க்யூடி (குவான்டம் டாட்) வகையைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் கறுப்பு லேசாக ஊதா கலந்த சாம்பலாகத் தெரியும். இன்னொன்று தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு: இவற்றில் பலவற்றில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளின் அடுக்கு வழக்கமான எல்சிடியைப் போல் இருக்காது. அதனால் சின்ன எழுத்துகளின் விளிம்பில் நிறம் பிசிறும். ஒரு ஸ்டுடியோவில் ஓஎல்இடியில் அழைப்பிதழ் ஒன்றை நூறு சதவீதத்தில் வைத்துப் பார்த்தேன். ணகரத்தின் சுழிகளுக்குள்ளே பச்சையும் ஊதாவுமாக ஒரு கோடு ஓடியது. பெரிய எழுத்தில் தெரியாது. தெளிவு அதிகமான திரைகளில் குறைவாகத் தெரியும்.

மினி எல்இடி என்பது எல்சிடிதான். பின்விளக்கைப் பல கட்டங்களாகப் பிரித்துத் தனித்தனியாக மங்கச் செய்கிறார்கள். கறுப்பில் வெள்ளை எழுத்து வைத்தால் அதைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் தெரியக்கூடும்.

கடையில் பேனல் வகை கேட்டால் "எல்லாம் ஃபுல் எச்டிதாண்ணே" என்கிற பதில் வருவது உண்டு. அப்போது பெட்டியின் பக்கவாட்டைப் படியுங்கள். பார்வைக் கோணம் 170/160 என்று போட்டிருந்தால் அநேகமாக டிஎன். 178/178 என்றால் ஐபிஎஸ் அல்லது விஏ. அந்த இரண்டில் எது என்று கான்ட்ராஸ்ட் காட்டிக்கொடுக்கும்: 1000 முதல் 1500 வரை என்றால் பெரும்பாலும் ஐபிஎஸ், 3000க்கு மேல் என்றால் பெரும்பாலும் விஏ. கோடிக்கணக்கில் ஒரு டைனமிக் கான்ட்ராஸ்ட் எண் போட்டிருப்பார்கள், அதைப் படிக்கவே வேண்டாம். பிஎல்எஸ், ஏஎச்விஏ என்ற பெயர்களும் கண்ணில் படும். இரண்டும் ஐபிஎஸ் குடும்பம்தான். ஏஎச்விஏ என்பதில் விஏ என்ற எழுத்துகள் இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். எச்டிஆர் 400 என்ற முத்திரைக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி இல்லாமலேயே அந்த முத்திரை கிடைத்துவிடும், அதனால் கறுப்பு ஒன்றும் ஆழமாகிவிடாது.

அளவு பற்றி ஒரே வார்த்தை: 27 அங்குலத்தில் 1920x1080 வாங்காதீர்கள், அங்குலத்துக்கு 82 புள்ளிகள்தான் வரும், எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். 24 அங்குலத்துக்கு அது சரி. 27க்கு 2560x1440.

கடைக்குப் போகும்போது நான் எடுத்துப் போகும் பென்டிரைவில் மூன்று படங்கள் இருக்கும். ஒன்று சுத்தக் கறுப்பு. இரண்டாவது அந்தப் பின்னல். மூன்றாவது, என் கொழுந்தன் தல்லாகுளத்தில், சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை ராத்திரியில் எடுத்தது. மேலே கறுப்பு வானம், நடுவில் தீப்பந்த வெளிச்சம், சுற்றிலும் பாதி இருட்டில் முகங்கள். அந்த முகங்களில் எத்தனை பேருக்குக் கண் தெரிகிறது என்று எண்ணுவேன். கடைக்காரர்களுக்கு என்னைக் கண்டால் கொஞ்சம் அலுப்புதான், இருக்கட்டும். ஆனால் கடையின் வெள்ளை விளக்குகளுக்குக் கீழே மூட்டத்தையோ கசிவையோ கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சோதனை வீட்டில்தான்.

வாங்கிய அன்றே செய்யுங்கள். பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். திருப்பித் தர எத்தனை நாள் என்று பில்லை வாங்கும்போதே கேட்டு, முடிந்தால் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஆன்லைனில் என்றால் ஆர்டர் போடும் முன்பே படித்துவிடுங்கள். மானிட்டரை அரை மணி நேரம் எரியவிட்டு, அறையை இருட்டாக்கி, கறுப்புப் படத்தைப் போட்டு, நான் சொன்ன மாதிரி தலையை ஆட்டிப் பாருங்கள். வெளிச்சத்தை நூறில் வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், நீங்கள் வேலை செய்கிற அளவில் வையுங்கள். அடுத்து நடுத்தரச் சாம்பல் நிறம்: மேகம் மேகமாகத் திட்டு இருந்தால் அதில் தெரியும். வெள்ளையில் ஒரு பக்கம் மஞ்சளடித்து மறுபக்கம் நீலமடிக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் போட்டுச் செத்த புள்ளிகளைத் தேடுங்கள். ஒன்றிரண்டு புள்ளிகளுக்கெல்லாம் மாற்றித் தர மாட்டோம் என்பது நிறைய நிறுவனங்களின் கொள்கை. அதனால் இதைக் கடையின் மாற்றித் தரும் நாள்களுக்குள் பார்த்துவிடுவது முக்கியம்.

போனில் படம் எடுத்து அனுப்பும்போது ஒரு கவனம். இருட்டில் போன் தானாக எக்ஸ்போஷரை ஏற்றிவிடும், லேசான மூட்டமும் தீப்பிடித்த மாதிரி வரும். திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கீழே இழுத்து, கண்ணுக்குத் தெரிவதுபோல் வந்த பிறகு எடுங்கள். ஊதிப் பெரிதாக்கிய படத்தைக் கடைக்காரர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் நிஜமான குறைக்கும் மதிப்பு இருக்காது.

சரி, குளோ இருக்கிற மானிட்டர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, என்ன செய்வது? எனக்கு வழி காட்டியது ஒரு பிரிண்ட். லேபிலிருந்து வந்த ஆல்பம் முழுக்க இருண்டு கிடந்தது. லேப் மேல் கோபப்பட்டேன். பிறகு பார்த்தால், என் மானிட்டர் வெளிச்சம் 90இல் இருந்தது. அந்த வெளிச்சத்தில் பார்த்து "போதும் போதும்" என்று நிழல்களை நானே இறக்கியிருக்கிறேன். போட்டோ வேலைக்குத் திரை 100 முதல் 120 நிட் இருந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. அளக்கும் கருவி இல்லாவிட்டால், ஒரு வெள்ளை ஆல்பம் தாளை மானிட்டருக்குப் பக்கத்தில் டியூப் லைட் வெளிச்சத்தில் பிடித்து, திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒத்துப்போகும் வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். எனக்கு 32இல் வந்து நின்றது. பின்விளக்கு குறைந்ததும் மூட்டமும் அதே விகிதத்தில் குறைந்துவிட்டது. காசு செலவில்லாத வைத்தியம் இது, மூன்று மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

நாற்காலியை அரை அடி பின்னால் தள்ளினேன். மானிட்டரின் நடு, கண்ணுக்குச் சற்றுக் கீழே வரும்படி அடியில் இரண்டு பழைய ஆல்பங்களை வைத்தேன்.

அடுத்தது விளக்கு. மானிட்டருக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி ஒரு சின்ன எல்இடி பட்டையை ஒட்டுங்கள். நிறம் 6500கே, கடையில் கூல் டேலைட் என்று கேட்டால் தருவார்கள். வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பும், கண்ணில் நேராகப் படாது. பிள்ளைகளும் எழுந்திருக்க மாட்டார்கள். சுற்றிலும் கொஞ்சம் வெளிச்சம் இருப்பதால் கண் இருட்டுக்குப் பழகாது, சாம்பலான கறுப்பும் கறுப்பாகவே தெரியும். எங்கள் வீட்டில் இதிலும் ஒரு கூத்து நடந்தது. சுவர் ரோஸ் நிறம். பட்டை ஒட்டிய வாரத்தில் நான் செய்த ஆல்பத்தில் எல்லா முகங்களும் லேசாகச் சிவப்படித்தன. ரோஸ் வெளிச்சத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, முகம் பச்சையடிக்கிறது என்று சிவப்பை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். நாலு வெள்ளை சார்ட் தாள் வாங்கிச் சுவரில் ஒட்டியதும் சரியானது.

யூடியூபில் பேனலைச் சட்டத்திலிருந்து தளர்த்தினால் கசிவு குறையும், துணியால் ஓரத்தைத் தேய்த்தால் போகும் என்றெல்லாம் காட்டுகிறார்கள். வாரண்டி இருக்கும்போது திருகைத் தொடாதீர்கள். பேனலை விரலால் அமுக்கினால் இல்லாத கறையும் வந்து சேரும்.

அந்த மஞ்சள் கறை மானிட்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. போட்டோஷாப்பில் லேயர்ஸ் பட்டை வலது ஓரத்தில் கீழேதான் வரும். அதைக் கறை மேல் சரியாக உட்கார வைத்துவிட்டேன். ராத்திரி அதை மூடி முழுத் திரையில் ஆல்பத்தைப் பார்க்கும்போது மட்டும் எட்டிப் பார்க்கும். பெண் வீட்டார் வந்தால் அந்தப் பக்கம் நான் நின்றுகொள்வேன்.